புள்ளி வைத்த பதினான்கு பெட்டிகள்

சித்தி தன் வேலையிடத்தை விட்டு வெளியே வந்தது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. பத்தொன்பது வருடங்களில் வேலைநாள் ஒன்றில் அந்த நேரத்துக்கு அவள் வெயிலில் நின்றதே கிடையாது. அவள் வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் எலிக்கூடத்தில். சுண்டெலிகள் இருட்டில் ஓடியாடும் பிராணிகள் என்பதால் அங்கே பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு விளக்குகள் அணையும். பிறகு மாலை வரைக்கும் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும்தான். வாசலில் வந்து நின்று கண்ணைக் கசக்கியவளைப் பார்த்து, அழுகிறாள் என்று நினைத்த காவலாளி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். "நான் எங்கே அழுதேன்? வெளிச்சம் கூசுச்சு" என்று சித்தி இன்றைக்கும் சாதிக்கிறாள். நான் அதை முழுசாக நம்பவில்லை.

அப்போது நான் ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆறு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து சித்தி வீட்டு முன்னறையில் தங்கியிருந்தேன். கதவைத் திறந்து உள்ளே வந்தவள் என்னைப் பார்க்காமல் நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் கழுவினாள்.

"என்ன சித்தி, இவ்வளவு சீக்கிரம்?"

"தலைவலி."

அதோடு நிறுத்திக்கொண்டாள். சித்திக்கு உண்மையிலேயே தலைவலி என்றால் அது எந்தப் பக்கம் ஆரம்பித்தது, யாரால் வந்தது என்பதெல்லாம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். ஒற்றைச் சொல்லோடு முடிந்த தலைவலியை நான் அங்கே பார்த்ததில்லை.

மாலையில் சித்தப்பா வந்தார். வீடு வீடாகப் போய்க் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். சித்தியின் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்தவர், அது கனமாக இருப்பதைப் பார்த்தார். பையின் அடியில் நான்காக மடித்த கடிதத்தையும் பார்த்தார். 'விசாரணை முடியும்வரை பணிக்கு வரவேண்டியதில்லை' என்று ஒரே வரி.

"இது என்னது?"

"காகிதம்."

"காகிதம்னு எனக்கும் தெரியுது. வீட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க. இருபத்திநாலு வருஷமா நான் சொல்லிக் கேக்காதவ, அவங்க ஒரு வரி எழுதினதும் வந்துட்டே."

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"சரி, என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணலன்னா எதுக்கு விசாரணை?"

அந்தக் கேள்வி அன்றிலிருந்து எங்கள் கூடவே அந்த வீட்டில் குடியிருந்தது.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் அவளுடைய சந்தேகத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பால் பாக்கெட்டை முகராமல் உடைக்க மாட்டாள். சித்தப்பாவின் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். அக்கம்பக்கத்தில் இதை வைத்து ஒரு கதை உலவியது. ஆனால் அவள் தேடியது பூனை வாடையை. சித்தப்பா வேலைக்குப் போகும் தெருவில் ஒரு பூனைக்குத் தினமும் தின்ன ஏதாவது போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாடை அவர் சட்டையிலிருந்து சித்தியின் துணிக்கும், அங்கிருந்து எலிக்கூடத்துக்கும் போயிற்று. இரண்டு நாள் எலிகள் தீனியைத் தொடாமல் மூலையில் சுருண்டு கிடந்தன. சித்தி நூல் பிடித்துக்கொண்டே வந்து கண்டுபிடித்துவிட்டாள். "பூனையா, நானா?" என்று கேட்டாள். "கொஞ்சம் யோசிக்க டைம் குடு" என்று சித்தப்பா சொன்னதற்கு ஒரு வாரம் பேச்சு நின்றது.

மூன்று மாதத்துக்குத் தரை துடைக்க ஆள் வேண்டும் என்றுதான் அவளை முதலில் அங்கே எடுத்தார்கள். ஒரு நாள் ஒரு சுண்டெலி தப்பித்து, படித்தவர்கள் எல்லாம் மேசைமேல் ஏறி நின்றபோது, இவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு காலிக் குழாயைச் சுவரோரம் சாய்த்தாள். எலி தானாகக் குழாய்க்குள் போயிற்று. இரண்டு முனையையும் உள்ளங்கையால் மூடி எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்து துடைப்பம் வேறு ஒருவர் கைக்குப் போனது.

அங்கே அவளுக்குப் பெயர் புள்ளியக்கா. ஒவ்வோர் எலிப்பெட்டியின் முன்பக்கத்திலும் ஓர் அட்டை செருகியிருக்கும். எந்தத் தொகுதி, என்ன தேதி, என்ன தீனி என்று அதில் எழுதியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஓர் ஆண் எலி கடித்து அவள் விரல் முருங்கைக்காய் போல வீங்கியது. அன்றிலிருந்து கடிக்கிற எலியின் அட்டையில், மேல் வலது மூலையில், அழியாத மையால் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லி வைத்ததில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொன்னதில்லை. புள்ளி இல்லாத எலியைக் குழாயில் ஏறவிட்டு எடுப்பார்கள். புள்ளி வைத்த எலியை ரப்பர் முனை வைத்த இடுக்கியால் வாலைப் பிடித்துத் தூக்குவார்கள். கையும் தப்பும், நேரமும் மிச்சம். பெட்டி கழுவும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர், சித்தி இல்லாத நாளில் அவள் வேலையையும் செய்பவர், எந்நேரமும் ஆவியில் வெந்த முகத்தோடு இருப்பதால் நீராவி என்று பெயர் பெற்றவர், "அக்கா புள்ளி வச்சா அது அரசாங்க முத்திரை மாதிரி" என்பாராம்.

பிரச்சினை, டாக்டர் என்று அவர்கள் அழைத்த ஆய்வாளருடைய வேலையில் வந்தது. முப்பத்திரண்டு வயதுப் பெண். சண்டைபோடுகிற எலி பயமில்லாததா, அல்லது பயந்ததா என்பதுதான் அவருடைய கேள்வி. நாற்பது ஆண் எலிகள், பெட்டிக்கு ஒன்று. ஒரு நாள் அந்தப் பெட்டிக்குள் அந்நியமான வேறொரு எலியை விடுவார். வீட்டுக்கார எலி எத்தனை நொடியில் பாய்ந்து கடிக்கிறது என்று குறிப்பார். மறுநாள் அதே எலியைக் 'கூட்டல்' மேல் ஏற்றுவார். அது இடுப்பளவு உயரத்தில் கூட்டல் குறி வடிவத்தில் இருக்கும் ஒரு மேடை. எதிரெதிராக உள்ள இரண்டு கைகளுக்குப் பக்கச் சுவர் உண்டு. மற்ற இரண்டும் வெறும் பலகை, தவறினால் கீழே விழ வேண்டியதுதான். தைரியமான எலி சுவரில்லாத பலகையின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்க்கும். பயந்த எலி சுவரை ஒட்டியே ஐந்து நிமிடத்தையும் கழித்துவிடும்.

டாக்டர் எதிர்பார்த்தது, கடிப்பவைதான் தைரியசாலிகள் என்று. முதல் தொகுதி நாற்பதும் அப்படியே சொன்னது. அந்தத் தொகுதியைச் சோதனை முடியும்வரை டாக்டரே பார்த்துக்கொண்டார். பெட்டியில் பரப்பும் மரத்தூளை மாற்றுவதுகூட அவர்தான். சித்தி கைக்கு அவை வந்தது அதற்குப் பிறகு. அந்த மகிழ்ச்சியில் ஒருநாள் அவர் சித்தியிடம், "பாத்தீங்களாக்கா, பயம் இல்லாததுதான் கடிக்குது" என்றார். சித்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எனக்கு அப்படித் தோணலம்மா. நான் வாங்கின கடி எல்லாம் பயந்ததுகிட்ட வாங்கினதுதான்."

டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஐந்து மாதம் கழித்து, கூடத்து ஆட்களே பார்த்துக்கொண்ட இரண்டாவது தொகுதியைச் சோதித்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த முறை கடித்தவை அத்தனையும் சுவரை ஒட்டிப் பதுங்கின. முதல் தொகுதி சொன்னதற்கு நேர் எதிர். அவர் கேமராவைச் சோதித்தார், தீனியைச் சோதித்தார், விளக்கு நேரத்தைச் சோதித்தார். கடைசியில் அட்டைகளைப் பார்த்தார். கடித்துவிட்டுப் பதுங்கிய எலிகள் இருந்த பெட்டிகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி இருந்தது.

அந்தப் புதன்கிழமை சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்தப் புள்ளியை வச்சது யாரு?"

"நான்தான்."

"என் சோதனைக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடியே."

"அப்போ எது கடிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"பத்தொம்போது வருஷமா பாக்கறேன்மா."

"இல்லக்கா. இதுங்களை மட்டும் தனியா அடையாளம் வச்சு, ஏதோ பண்ணியிருக்கீங்க. அன்னிக்கு நீங்க சொன்னதை நிரூபிக்கறதுக்காக."

இவ்வளவும் நான் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்தது. முதல் இரண்டு நாள் சித்தி எதையும் சொல்லவில்லை. வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடத்து நல்ல பெயர் போவதா இருப்பதா என்பது அடுத்த வெள்ளிக்கிழமை, மேலாளர் முன்னால் நடக்கப்போகும் விசாரணையில் தெரிந்துவிடும். எலிக்கு ஊசி குத்தினாள், கிள்ளினாள், பட்டினி போட்டாள் என்று எழுதிவிட்டால் வேறு எந்தக் கூடத்திலும் அவளை உள்ளே விட மாட்டார்கள்.

சித்தப்பாவுக்கு நீராவி மேல் சந்தேகம். "அவனுக்கு உன் இடம் வேணும். நாள் பூரா ஆவில வேகறவன், குளிர்ந்த ரூம்ல நிக்கணும்னு ஆசைப்பட மாட்டானா?" சித்திக்கும் கொஞ்சம் அப்படித்தான். எனக்குச் சந்தேகம் சித்தி மேல். அவள் கொடுமை செய்திருப்பாள் என்று இல்லை. ஆனால் தான் சொன்னதுதான் சரி என்று காட்டுவதற்காக எவ்வளவு தூரம் போவாள் என்று எனக்குத் தெரியும். தெருமுனையில் இருக்கும் தபால்பெட்டி இடப்பக்கம்தான் என்று சித்தப்பாவுடன் வாதாடி, மழையில் அவரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டியவள்.

சனிக்கிழமை அவள் கடைக்குப் போன நேரத்தில் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். செய்தது சரியில்லை, தெரிந்துதான் செய்தேன். அதில் நீள நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பக்கம், புள்ளி பெற்ற பெட்டிகளின் எண்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டாவது தொகுதி: 3, 8, 11, 12, 17, 19, 22, 23, 27, 30, 31, 34, 38, 40. அதற்கு முந்தைய பக்கத்தில் முதல் தொகுதி. விரலை வைத்துப் பார்த்தேன். 3, 8, 11, 12, 17. பதினான்கும் அதே எண்கள். எலிகள் வேறு, அம்மா அப்பா வேறு, வந்த தேதி வேறு. ஆனால் கடிக்கிற எலி மட்டும் அதே பெட்டிகளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை நம்ப ஆள் கிடைக்காது. எலியைப் பார்க்காமலே எழுதியிருக்கிறாள், பழைய பக்கத்தைப் பார்த்து நகல் எடுத்திருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

அவள் திரும்பி வந்தபோது நோட்டை மேசைமேல் விரித்து வைத்திருந்தேன்.

"என் டிராயரைக் குடைஞ்சியா?"

"ஆமா. சித்தி, உண்மையைச் சொல்லு. இந்தப் பதினாலு எப்படி வந்துச்சு?"

"புள்ளி இருந்துச்சு, எழுதினேன்."

"புள்ளி எப்படி இருந்துச்சு? நீதானே வைக்கணும்?"

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு பக்கங்களையும் பார்த்தாள். கடைப்பையைத் தரையில் வைத்தாள். எனக்கு அப்போது அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மாட்டிக்கொண்ட முகம் என்று நினைத்தேன்.

"நான் வைக்கல" என்றாள் மெதுவாக.

"டாக்டர்கிட்ட நான்தான்னு சொன்னியே?"

"அங்கே புள்ளின்னா நான்தானே வைப்பேன். வேற எவனோ வச்சிருக்கான், எனக்கே தெரியாதுன்னு அவங்க முன்னாடி சொல்லச் சொல்றியா? முட்டி வலின்னு நான் பதினாறு நாள் லீவு போட்டேன். அந்த நேரத்துலதான் புதுசு வந்து இறங்குச்சு. நான் திரும்பிப் போறப்போ புள்ளி இருந்துச்சு. நீராவி கடி வாங்கி வச்சிருக்கான்னு நினைச்சேன்."

"அவர்கிட்ட கேட்டியா?"

"ஏன் கேக்கணும்? புள்ளின்னா புள்ளிதான்."

சித்தப்பா வந்ததும் நீராவிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னது சித்தப்பா.

"தம்பி, ரெண்டாவது தொகுதிக்குப் புள்ளி வச்சது நீயா?"

"ஏன்க்கா, யாராவது கேக்கச் சொன்னாங்களா?"

"நானாத்தான் கேக்கறேன்."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?"

"இல்லப்பா." சித்தப்பா மூச்சை அடக்கிக்கொண்டார்.

"நான் எதுக்கு வைக்கப்போறேன்? புள்ளி உங்க இலாகா. நீங்க லீவு போறதுக்கு முன்னாடி வச்சிருப்பீங்க."

"நான் போறப்போ எலியே வரலையே. அட்டை போட்டது யாரு?"

"புது அட்டை வரலக்கா. பழைய அட்டை மேலயே ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன். எழுத்தை மறைக்கச் சொன்னாங்க. மூலையை யாரும் சொல்லல."

குழாயில் தண்ணீர் சொட்டியது. சித்தி நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"முதல் வாரத்துல உன்னை அதுல எதாவது கடிச்சுதா?"

"புள்ளி இருந்துச்சேக்கா. நான் எங்கே கையை விட்டேன்? வால்ல இடுக்கியைப் போட்டுத் தூக்கினேன்."

"கடிச்சுதான்னு கேட்டேன்."

"இடுக்கியைக் கடிச்சுது. ரெண்டாவது வாரத்துலேருந்து."

சித்தி போனை வைத்தாள். பிறகு எங்களைப் பார்க்காமல் பேசினாள். வந்து இறங்கியபோது எல்லாம் ஒன்று போல இருந்த எலிகள். அதில் பதினான்கு, போன தொகுதிக்காரர்களின் புள்ளி இருந்த பெட்டிக்குள் விழுந்தன. தூள் மாற்ற வாரத்துக்கு இரண்டு முறை, ஆறு வாரம், அவற்றை மட்டும் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியிருக்கிறார்கள். முதலில் நீராவி, பிறகு இவள். மற்றவை குழாயில் ஏறி இறங்கின. "பயந்துதான் போகும். பயந்தா கடிக்கும். கடிச்சா, பாத்தியா புள்ளி சரிதான்னு நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்." தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "கெடுத்தது நாங்கதான்டி. வேணும்னு இல்ல. ஆனா நாங்கதான்."

"அப்படின்னா விசாரணையில ஒண்ணும் பேசாதே" என்றார் சித்தப்பா. "ஸ்டிக்கர் ஒட்டினது அவன். அவன் தலையில போட்டுட்டு வா."

"நான் டாக்டர்கிட்ட நான்தான் வச்சேன்னு பொய் சொல்லியிருக்கேன். முதல்ல அதைச் சொல்லணும்."

"சொன்னா, ஒரு தடவை பொய் சொன்னவ ரெண்டாவது தடவையும் சொல்லுவான்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

"அந்த அம்மாவோட ரெண்டு வருஷ வேலை குப்பைன்னு நீ அவங்க முகத்துக்கு நேரா சொல்லப்போறே. சந்தோஷமா கேட்டுக்குவாங்களா?"

அடுத்த ஐந்து நாளில் அவள் மூன்று முறை மனசை மாற்றிக்கொண்டாள். ஒருமுறை நோட்டை அடுப்பங்கரைக்கு எடுத்துப் போனாள். நான் பின்னாலேயே போய் நின்றேன். "என்னடி, போலீஸ் மாதிரி? விலை எழுத பேப்பர் தேடினேன்" என்றாள். அவள் கையில் பேனா இல்லை.

வெள்ளிக்கிழமை போனாள். நோட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். மாலையில் வந்து, நடந்ததை அவரவர் குரலில் நடித்துக் காட்டினாள். மேலாளர் பாதி நேரம் மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்புவதிலேயே இருந்தாராம். நீராவியைக் கூப்பிட்டுக் கேட்டபோது, ஸ்டிக்கர் ஒட்டியது ஞாபகம் இருக்கிறது, மூலையில் என்ன இருந்தது என்று ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். போனில் பேசியதை அவர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அட்டைகளைப் பார்க்கலாம் என்று சித்தி சொன்னாள். அவை அந்த வாரமே குப்பைக்குப் போயிருந்தன; யார் போடச் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் நோட்டை நீண்ட நேரம் பார்த்தாராம். பிறகு, "ஒரு வாரம் டைம் கிடைச்சிருக்கு. நல்லா யோசிச்சு வச்சிருக்கீங்க" என்றாராம்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ஒரு தடவை செஞ்சு பாருங்கம்மா, புது எலிக்கு நீங்களே சும்மா புள்ளி வச்சுப் பாருங்கன்னு சொன்னேன்."

"அவங்க?"

"எனக்கு ஆராய்ச்சி சொல்லித்தர வேண்டாம்னாங்க. கோபம்னு நினைக்காதே. அடுத்த மாசம் பெரியவங்க முன்னாடி முடிவைச் சொல்லணுமாம்."

'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதினார்கள். செய்யவில்லை என்று எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சித்தியைத் தூக்கி இரண்டாம் மாடியில் கண்ணாடிக் குடுவை கழுவும் அறைக்குப் போட்டார்கள். எலிக்கூடத்துக் கதவுப் பூட்டின் ரகசிய எண்களை மாற்றினார்கள். அங்கே வேலை செய்பவர்கள் மின்தூக்கியில் அவளோடு ஏறினால் பேச்சை நிறுத்தினார்கள். அவளும் விடவில்லை; நின்ற பேச்சு எதைப் பற்றி என்று ஒவ்வொரு மாலையும் எங்களிடம் ஊகித்துக் காட்டினாள். "என்னைப் பத்தித்தான்." ஒருமுறை அவர்கள் கையில் ஒரு பிறந்தநாள் கேக் இருந்ததாம். அப்போதும் "என்னைப் பத்தித்தான்."

குடுவை அறையில் பெரிய ஜன்னல் உண்டு, பகல் முழுக்க வெயில் வரும். முதல் மாதம் அவள் தூங்க முடியாமல் கஷ்டப்பட்டாள். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அவள் உடம்புக்கு வெளிச்சம் என்றால் வீடு, இருட்டு என்றால் வேலை. பிறகு சரியாகிவிட்டது. குடுவைகளில் யாரும் அடையாளம் வைப்பதை அவள் அனுமதிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். விரிசல் விட்டவற்றுக்குச் சிவப்புக் கோடு போடலாம் என்று ஒரு பெண் சொன்னபோது, "எடுத்துப் பாத்துக்கோ. ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பாரு" என்றாளாம்.

நான் போகவேண்டிய இடங்கள் இருந்தன, போகவில்லை. நோட்டைக் கண்டுபிடித்து அவளை அதட்டியவள் நான். அவள் சொன்னது உண்மையாக இருக்கும் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், பதினான்கு எண்களையும் பார்த்தபிறகு ஒரு கெட்டிக்காரி சொல்லக்கூடிய கதையும் இதுதானே என்று தோன்றும். நீராவி போனில் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அதை விசாரணையில் அவர் ஒத்துக்கொள்ளவில்லையே என்று ஒரு மனம் குறுக்கே வரும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். அவளுக்கு இது தெரியும். "நீயும் நம்பல, இல்ல?" என்று ஒருமுறை துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நான் நம்புகிறேன் என்றேன். "சரி" என்றாள். அவள் என்னை நம்பவில்லை.

பதினைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சித்தியின் போனில் ஒரு செய்தி வந்தது. விசாரணைக்குப் பிறகு அந்த எண்ணை அழித்துவிட்டிருந்ததால் யார் என்று தெரியவில்லை. கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு என்னிடம் நீட்டினாள். வாசித்ததும் நீராவி என்று புரிந்துவிட்டது. சித்தப்பாவும் எழுந்து வந்து நின்றார். நான் மறுபடியும் ஒருமுறை உரக்க வாசித்தேன்:

"அக்கா நல்லா இருக்கீங்களா. ஒரு விஷயம், யார்கிட்டயும் சொல்லாதீங்க. புதுசா நாப்பது எலி வந்திருக்கு. பெட்டி புதுசு, அட்டையும் புதுசு. நான் மூடியே திறக்கல, அதுக்குள்ள பதினாலு அட்டையில சிவப்புப் புள்ளி. டாக்டர்தான் வச்சாங்க, கண்ணால பாத்தேன். சீட்டு குலுக்கிப் போட்டு நம்பர் எடுத்தாங்க. ஏன்னு கேட்டா, எப்பவும் போல வேலையைப் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. புள்ளி இருந்தா நான் எப்படிக்கா கையை விடறது, இடுக்கியிலதான் எடுக்கறேன். இன்னியோட ஆறு வாரம். புள்ளி வச்சதுல பதினொண்ணு கடிக்குது. மத்த இருபத்தாறுல ஒண்ணே ஒண்ணு. நேத்து கூட்டல்ல ஏத்தினாங்க, அந்தப் பதினொண்ணும் சுவத்தை விட்டு வரல. டாக்டர் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. அப்புறம் உங்க வீட்டு அட்ரஸ் கேட்டாங்க. எனக்கு என்னமோ சரியாப் படல. குடுக்கலாமா, வேணாமா?"